துண்டுக்குள்ள எந்த விரல்னு பாத்துக்கோ, மருமவனே

வா மருமவனே, இப்படித் திண்ணையில இரி. டல்லாசுக்குப் போறியாமே. உங்கம்மை தெரு பூராவும் சொல்லிட்டா. பால்காரன் வந்து உன் சம்பளத்த டாலர்ல எங்கிட்டச் சொல்லுதான். ரொம்பச் சந்தோசம். பெட்டி கட்டியாச்சா? பாதிப் பெட்டி பருப்புப் பொடி, பாதிப் பெட்டி ஊறுகா, மிச்ச எடத்துல பட்டும் வேட்டியும். விசாக் காயிதத்தச் சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டிருப்ப. சரி, கம்பெனிக்காரன் இன்னொரு காயிதம் அனுப்பியிருப்பானே, மூணு பிளான் போட்டு, இதுல ஒண்ணப் பிடின்னு? அந்த இன்சூரன்சு காயிதத்தப் பிரிச்சியா? என்னலே, ஓட்டுக்கூரையப் பாக்க?

தெரியும்லா. கொத்தமல்லிக் கட்டுக்கு ரெண்டு ரூவா கொறைக்கச் சொல்லி அந்த ஆச்சிகிட்டக் கால்மணி நேரம் வாயாடுத ஆளு நீ. அங்க போனா ஒரு ஊசிக்கு ஆயிரம் டாலர் எழுதிக் குடுப்பான், நீ 'தேங்க் யூ'ன்னு பல்லக் காட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வருவ. படிச்சவன்லா.

மேலப்பாளையம் சந்தையில மாட்டுத் தரகு பாத்த மாமாவுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரி பத்தி என்ன தெரியும்னு மனசுக்குள்ள சிரிக்க. சிரிச்சுக்கோ. எம்மவ வீடு இர்விங்ல இருக்குல்லா, நீ போற டல்லாசுக்கு ஒட்டுன ஊரு. அங்க போய் இருந்தப்ப எனக்கு என்ன சோலி? காலையில நடை, அப்புறம் தபால் பெட்டி. வார கடிதாசியப் பூரா நாந்தான் பிரிப்பேன். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி., இங்கிலீசு எழுத்துக் கூட்டி வாசிப்பேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஆச்சரியம். அடப்பாவி, இது நம்ம தொழில்லா!

சந்தையில மாடு விலைய வாய் விட்டுச் சொல்லுவமா? மாட்டோம். கை மேல துண்டப் போட்டு, அதுக்குள்ள விரலப் பிடிப்போம். பிடிக்கிற விரலுக்கு ஒரு கணக்கு, மடக்குற விரலுக்கு ஒரு கணக்கு. சுத்தி நிக்கவனுக்கு ரெண்டு பேரு மூஞ்சிதான் தெரியும், விலை தெரியாது. அங்க டாக்டரும் இன்சூரன்சுக் கம்பெனியும் செய்யுதது அதேதான். ஆஸ்பத்திரிக்காரன் ஊரறியக் கூவுத விலை ஒண்ணு உண்டு, ஆயிரம், அஞ்சாயிரம்னு. கம்பெனிக்காரன் வந்து, "எங்கிட்ட இத்தன லட்சம் பேரு இருக்கான். உம்ம பேர என் புஸ்தகத்துல போட்டா அவன் பூரா உம்மகிட்டத்தான் வருவான். விலையக் கொறையும்"பான். துண்டுக்குள்ள ஒரு விலை படியும். அந்த விலைக்குப் பேரு 'அலவுட் அமௌண்ட்'. அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட டாக்டர் இன்-நெட்வொர்க்கு. போட்டவரு அதுக்கு மேல ஒரு சென்ட்டு கூட உங்கிட்டக் கேக்க முடியாது. துண்டுக்குள்ள கையே விடாத டாக்டர் அவுட்-ஆஃப்-நெட்வொர்க்கு. அம்புட்டுதான் சங்கதி.

இதுல கைராசிக்கும் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, கேட்டுக்கோ. இன்-நெட்வொர்க்குல இருக்கவரு தன்வந்திரியும் இல்ல, வெளிய இருக்கவரு போலியும் இல்ல. வெலைக்கு ஒத்துக்கிட்டாரா இல்லையாங்கிறது மட்டும்தான். நீ என்னன்னா, நோயிக்குத் தகுந்த பில்லு வரும்னு நெனச்சிக்கிட்டு இருக்க. அங்க நோயி பில்லு போடல மருமவனே, புஸ்தகம் போடுது.

கணக்குல நீ புலின்னு உங்கம்மை சொல்லுவாளே, ஒரு பேச்சுக்கு இதப் போடு. டாக்டர் கூவுத விலை ஆயிரம் டாலர். துண்டு விலை நானூறு. உன் டிடக்டிபிள், அதான் வருசத்துல முதல்ல நீ கைக்காசு கட்டித் தீக்க வேண்டிய பாகம், அது தீந்துபோச்சுன்னு வச்சுக்கோ. பிளான்ல உன் பங்கு நூத்துக்கு இருபது. உள்ள இருக்க டாக்டர்கிட்டப் போனா நானூறுல இருபது சதவீதம், எம்பது டாலர். மிச்ச அறுநூறு? அழிச்சிடணும். இப்ப அதே ஆயிரம் டாலர் வைத்தியத்த வெளிய இருக்க டாக்டர்கிட்டப் பாரு. கம்பெனிக்காரன் அவனா ஒரு நியாய விலை வச்சிக்கிடுவான், அதுவும் நானூறுன்னே வையி. வெளி டாக்டருக்கு அவன் நூத்துக்கு அறுவதுதான் தருவான். உன் பங்கு நூத்தறுவது. அப்புறம் அந்த அறுநூறு இருக்குல்லா? அத அழிக்கணும்னு இந்த டாக்டருக்கு எந்தக் கட்டாயமும் இல்ல. 'பேலன்ஸ் பில்'னு உன் வீட்டுக்கு அனுப்புவாரு. ஆக எழுநூத்தறுவது. அங்க எம்பது, இங்க எழுநூத்தறுவது. அதே ஊசி, அதே பஞ்சு.

இன்னும் கேளு. வெளி டாக்டருக்குன்னு டிடக்டிபிளே தனியா இருக்கும், அது பெருசா இருக்கும். அது தீரலன்னா முழு ஆயிரமும் உன் தலையில. வருசத்துக்கு ஒரு ஆளு கைக்காசு இம்புட்டுக்கு மேல கட்ட வேண்டாம்னு சர்க்கார் ஒரு வரம்பு வச்சிருக்கான். 2025-ல அது ஒரு ஆளுக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400. அந்த வரம்பு உள்ள இருக்க டாக்டருக்கு மட்டுந்தான். வெளிய போய் நீ எம்புட்டுக் கொட்டினாலும் அந்த உண்டியல்ல சேராது. வருசா வருசம் சும்மா பாக்குற செக்கப்பு, தடுப்பூசி இலவசம்னு ஒபாமா காலத்துச் சட்டம் சொல்லுதே, அதுவும் உள்ள இருக்கவருகிட்டப் போனாத்தான் இலவசம்.

இந்தக் கூத்து எங்க ஆரம்பிச்சதுன்னு நெனக்க? நீ போற அதே டல்லாசுல. 1929-ல. ஜஸ்டின் ஃபோர்டு கிம்பால்னு ஒருத்தரு, முன்னால பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சூப்பிரண்டா இருந்தவரு, பெய்லர் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்தாரு. கடன் புஸ்தகத்தப் பொரட்டினா, பில்லு கட்டாதவங்கள்ல வாத்தியாருமாரு பேரா இருக்கு. வாத்தியாரு சம்பளம் எந்த ஊர்லலே வாழ்ந்துச்சு? மாசம் அம்பது சென்ட்டு கட்டுங்க, வருசத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில படுக்க வச்சுப் பாக்கோம்னு ஒரு ஏற்பாடு பண்ணாரு. அதுல இருந்து வளந்ததுதான் புளூ கிராஸ்ங்கிற இன்சூரன்சு. ஆனா ஒண்ணு கவனி, அம்பது சென்ட்டு கட்டின டீச்சரம்மா பெய்லர்லதான் படுக்கணும். மொதல் நாளே நெட்வொர்க்கு!

சரி, அந்த மூணு பிளானு. ஹெச்.எம்.ஓ.ன்னு ஒண்ணு இருக்கும். மாசப் பிடித்தம் கம்மி. ஆனா உனக்குன்னு ஒரு வீட்டு டாக்டர், அவரு சீட்டு எழுதினாத்தான் பெரிய டாக்டர், புஸ்தகத்துக்கு வெளிய போனா எமர்ஜென்சி தவிரக் காலணா வராது. இ.பி.ஓ.ன்னா பொதுவா சீட்டு வேண்டாம், ஆனா வெளிய போனா இதுவும் கையக் கழுவிரும். பி.பி.ஓ.ன்னா வெளிய போனாலும் ஏதோ கொஞ்சம் தரும், அதுக்கு மாசாமாசம் கூடப் பிடிப்பான். நீ சம்பளச் சீட்டுல நாப்பது டாலர் மிச்சம்னு முதலாவதப் பிடிப்ப, எனக்குத் தெரியாதா. பிடி, தப்பில்ல. ஆனா பிடிக்கதுக்கு முன்ன, உன் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போகப் போற டாக்டரம்மாவும் ஆஸ்பத்திரியும் அந்தப் புஸ்தகத்துல இருக்காளான்னு பாத்துட்டுப் பிடி. வேலைக்குச் சேந்து பொதுவா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும். சோபா வாங்குத அவசரத்துல அந்த முப்பது நாள் போயிரும்.

பாக்குறதுன்னா எப்படின்னு கேளு. எம்மாப்பிள்ளை பாத்த மாதிரி இல்ல. ஃபோனப் போட்டு, "எங்க இன்சூரன்சு எடுப்பீங்களா?"ன்னு கேட்டாரு. அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டே, "எடுப்போம் சார்"னுச்சு. எடுக்கத்தான் செய்யும். உன் கார்டு நம்பர எழுதிக்கிட்டு கம்பெனிக்கு ஒரு கடிதாசி அனுப்புறதுக்கு அதுக்கென்ன நஷ்டம்? உள்ள இருக்காங்களாங்கிறதுக்கு அது பதில் இல்ல. ஒரே கம்பெனியே நாலு அஞ்சு விதமா புஸ்தகம் வச்சிருக்கான். ஒண்ணுல இருக்க டாக்டர் இன்னொண்ணுல இருக்கமாட்டாரு. அதே டாக்டர் திங்கக்கிழமை உக்காருத கிளினிக்குல உள்ள, வியாழக்கிழமை உக்காருத கிளினிக்குல வெளிய, இப்படியும் உண்டு. அதனால கார்டுல என்ன நெட்வொர்க்கு பேரு அச்சடிச்சிருக்கோ அதச் சொல்லி, டாக்டர் பேரச் சொல்லி, அட்ரசச் சொல்லி, "இந்தப் புஸ்தகத்துல, இந்த எடத்துல, இவரு இன்-நெட்வொர்க்கா?"ன்னு கேக்கணும். கிளினிக்குலயும் கேளு, கம்பெனியிலயும் கேளு. பேசின பிள்ள பேரு, தேதி, அவங்க தார நம்பரு, எல்லாத்தையும் நோட்டுல எழுது. கம்பெனி வெப்சைட்டுல டாக்டர் பேரு இருந்துச்சுன்னா அப்படியே ஒரு போட்டோ பிடிச்சு வையி. தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா அந்தப் பட்டியலச் சரி பாக்கணும்னு சட்டம் இருக்கு. அவன் தப்பா எழுதி வச்சு, நீ அத நம்பிப் போனன்னா, உள்ள விலைதான் உங்கிட்ட வாங்கணும். ஆனா அவன் எழுதி வச்சிருந்தான்னு காட்டுறதுக்கு உங்கிட்ட ஒரு துப்பு வேணும்லா?

இந்தச் சட்டம் சொன்னேம்லா, அதுக்குப் பேரு நோ சர்ப்ரைசஸ் ஆக்டு. 2020 டிசம்பர்ல கையெழுத்தாகி 2022 ஜனவரி ஒண்ணாந்தேதி நடப்புக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால நடந்த அக்கிரமத்தக் கேட்டா உனக்குப் பசிக்காது. ஆஸ்பத்திரி உள்ள, அறுக்குத டாக்டர் உள்ள, எல்லாம் பாத்துத்தான் போய்ப் படுத்திருப்பான் மனுசன். மயக்க ஊசி போட வந்த ஆளு வெளிய. மயக்கத்துல கிடக்கவன் எந்திரிச்சு, "ஐயா நீரு எந்தப் புஸ்தகம்"னு கேப்பானா? வீட்டுக்கு வந்து தையல் பிரிக்க முன்ன பில்லு வந்து நிக்கும். இப்ப அது முடியாது. எமர்ஜென்சின்னு எந்த ஆஸ்பத்திரிக்குள்ள போனாலும் உள்ள விலைதான். உள்ள இருக்க ஆஸ்பத்திரியில வெளி ஆளு வந்து மயக்க ஊசி போட்டாலும், எக்ஸ்ரே பாத்தாலும், சதைய எடுத்துச் சோதிச்சாலும் உள்ள விலைதான். மிச்சத்துக்கு டாக்டரும் கம்பெனியும் நடுவர் முன்னால மோதிக்கிடணும். ஆளுக்கு ஒரு விலை எழுதிக் குடுப்பாங்க, நடுவர் ரெண்டுல ஒண்ண எடுப்பாரு. உன்ன அதுல இழுக்கக் கூடாது. நல்ல ஏற்பாடு, நான் மெச்சுதேன்.

ஆனா சட்டம் போட்டவனும் மனுசன்தான், ஓட்டை இல்லாமப் போடுவானா? மொத ஓட்டை ஆம்புலன்சு. வானத்துல வார ஹெலிகாப்டர் ஆம்புலன்சு சட்டத்துக்குள்ள, ரோட்டுல வாரது வெளிய! சில மாநிலங்க தனியாச் சட்டம் போட்டிருக்கு. ஆனா பெரிய கம்பெனிங்க நெறயப் பேரு இன்சூரன்சுக்காரன் கார்டக் குடுத்துட்டு, செலவக் கம்பெனியே தன் காசுல நடத்தும். அந்த மாதிரி பிளானுக்கு மாநிலச் சட்டம் ஒட்டாது. உன் கம்பெனி அந்த ரகமான்னு கேட்டு வையி. மூச்சு முட்டுது, நெஞ்சு வலிக்குதுன்னா யோசிக்காம 911-அக் கூப்புடு, உயிரு பெருசு. கால் சுளுக்குக்குச் சைரன் போட்டுப் போகாத, அம்புட்டுதான்.

ரெண்டாவது ஓட்டை ஒரு கையெழுத்து. வெளி டாக்டர் ஒருத்தரு உள்ள ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ண வாராருன்னு வையி. மூணு நாளைக்கு முன்னால ஒரு காயிதம் நீட்டுவாங்க. 'எனக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு வேண்டாம், முழு விலையும் தாரேன்'னு அதுல இருக்கும். இருபது காயிதத்துக்கு நடுவுல அது ஒண்ணு. நீ வங்கியில லோன் காயிதத்துக்குப் போடுத மாதிரி சடசடன்னு போட்டுக்கிட்டே போவ. போடாத! மயக்க ஊசி, எக்ஸ்ரே, லேபு, பச்சப்பிள்ளை டாக்டர் இவங்க அந்தக் கையெழுத்தக் கேக்கவே கூடாது. மத்தவரு கேட்டா, உள்ள இருக்க வேற டாக்டர் பேரக் குடுங்கன்னு சொல்லு.

மூணாவது ஓட்டையிலதான் எம்மாப்பிள்ளை விழுந்தாரு. சட்டம் ஆஸ்பத்திரிக்கும், ஒரே நாள்ல அனுப்பிருத ஆப்பரேசன் கூடத்துக்கும்தான் பேசுது. தனி டாக்டரோட ஆபீசப் பத்திப் பேசல. இவரு முதுகுல ஒரு மச்சம் நெறம் மாறிச்சு. தோல் டாக்டர்கிட்டப் போனாரு. டாக்டர் உள்ளதான், எம்மவ நல்லா விசாரிச்சுத்தான் அனுப்பினா. அவரு ஒரு துணுக்கச் சொரண்டி எடுத்து டப்பியில போட்டாரு. அந்த டப்பி எங்க போகுதுன்னு இவரு கேக்கல. அது வெளி லேபுக்குப் போச்சு.

நாலு வாரம் கழிச்சு ஒரு கவர். நாந்தான் பிரிச்சேன். மேலயே கொட்டை எழுத்துல, 'இது பில் அல்ல'ன்னு. பில்லு இல்லன்னா எதுக்குடா அனுப்புனன்னு வாசிச்சேன். கட்டம் கட்டமா இருக்கு. கேட்ட விலை ஒரு கட்டம், ஒத்துக்கிட்ட விலை ஒரு கட்டம், நாங்க கட்டினது ஒரு கட்டம், நீ கட்ட வேண்டியிருக்கலாம்னு கடைசிக் கட்டம். உள்ள டாக்டருக்கு மொத ரெண்டு கட்டமும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கு. லேபுக்கு வந்தா நாங்க கட்டினதுங்கிற கட்டத்துல முட்டை. கடைசிக் கட்டத்துல முழுத்தொகை. ஓரத்துல ஒரு சின்ன எழுத்து. பின்பக்கம் திருப்பிப் பாத்தா அந்த எழுத்துக்கு விளக்கம், 'அவுட்-ஆஃப்-நெட்வொர்க்'. மச்சத்துல ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்டு வந்தப்ப சிரிச்ச மனுசன், இதப் பாத்துட்டு வெளிறிப்போயிட்டாரு. அந்தக் காயிதத்துக்கு ஈ.ஓ.பி.ன்னு பேரு. பில்லு வந்தா இந்தக் கட்டத்தோட ஒத்துப்பாக்காமப் பணம் கட்டக் கூடாது. அவரு இன்டர்நெட்டுல கார்டு நம்பரத் தட்டப் போயிட்டாரு. கையப் பிடிச்சேன்.

"மாப்ள, கேட்ட விலைக்கு மாடு வாங்குவீங்களா?"ன்னேன். டாக்டர் ஆபீசுக்கு ஃபோன் போடச் சொல்லி, எங்க கார்டு பாத்தும் ஏன் வெளி லேபுக்கு அனுப்புனீங்கன்னு கேக்க வச்சேன். அவங்க பம்முனாங்க. கம்பெனிக்கு அப்பீல் எழுதச் சொன்னேன். மறுத்த நாள்ல இருந்து நூத்தெம்பது நாள் அவகாசம் உண்டு. அப்புறம் லேபுக்கே ஃபோன். ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசினாரு. நான் எதுக்க உக்காந்து விரலக் காட்டுதேன், இவரு அதப் பாத்துச் சொல்லுதாரு. அந்தப் பக்கம் ஒரு அம்மா, நல்ல பொறுமைசாலி, மொத்தமா இன்னைக்கே கட்டினா பாதிக்குக் கீழ தாரோம்னா. நான் இன்னும் ஒரு விரல மடக்கச் சொன்னேன். எம்மவ, "அப்பா, போதும்"னு அதட்டிட்டா. பொம்பளப் பிள்ளைக்கு எரக்கம் சாஸ்தி.

அதனால டாக்டர் ஆபீசுல ரத்தம் எடுத்தா, சதை எடுத்தா, "எங்க அனுப்புதீங்க? என் பிளான்ல எந்த லேபு உள்ள?"ன்னு வாயத் தொறந்து கேளு. உன் பொண்டாட்டிக்கு இப்ப நாலாம் மாசம்லா? பிள்ளைக்குக் கோளாறு இருக்கான்னு பாக்க ஜீன் பரிசோதனைன்னு ஒண்ணு எழுதுவாங்க. விலை பெருசு, வெளி லேபுக்குப் போறதும் அதிகம். அதக் குறிச்சு வச்சுக்கோ.

அப்புறம் டெக்சாசுல ரோட்டோரமா, பல்பொருள் கடைக்குப் பக்கத்துல, பளபளன்னு தனிக்கட்டடம் நெறய இருக்கும். கூட்டமே இருக்காது, காப்பி தருவான். சளி, காய்ச்சலுக்குப் பாக்குற அர்ஜென்ட் கேர்னு நெனச்சு உள்ள போயிருவ. வாசல்ல எமர்ஜென்சின்னு எழுதியிருக்கும். சளிக்குப் போனாலும் எமர்ஜென்சி விலைதான் போடுவான். சட்டம் பேலன்ஸ் பில்லத்தான் தடுக்கும், உன் டிடக்டிபிளத் தடுக்காது. காப்பி குடிக்கணும்னா வீட்டுலயே போட்டுக் குடி.

வெளி டாக்டர்கிட்டப் போகவே கூடாதான்னு கேக்க. ஏன் கூடாது? மனசு சரியில்லன்னு பாக்குத ஆலோசகருங்க நெறயப் பேரு துண்டுக்குள்ள கையே விடுறதில்ல. கம்பெனி குடுக்குத விலை கட்டுபடியாகலங்காங்க. பிடிச்ச ஆளு அப்படி வெளிய இருந்தா, பி.பி.ஓ. பிளான்னா, காசக் கட்டிட்டு 'சூப்பர்பில்'னு ஒரு சீட்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பு, ஒரு பங்கு திரும்பி வரும். ஏதோ அபூர்வமான நோயி, அதுக்கு உள்ள ஒரு டாக்டரும் இல்லன்னா, போறதுக்கு முன்னாலயே கம்பெனிகிட்ட, "உங்க புஸ்தகத்துல ஆளில்ல, இவர உள்ள விலைக்குப் பாக்க அனுமதி குடுங்க"ன்னு எழுதிக் கேளு. 'கேப் எக்செப்சன்'ம்பாங்க. போய்ட்டு வந்து கேட்டா தரமாட்டான். அம்புட்டுக் காசு குடுத்து அவன் தொழில் பண்ணலியே.

இப்பப் பிரசவத்துக்கு வா. புது வேலையில சேந்த உடனே கர்ப்பத்தக் காரணம் காட்டி, இத முந்தியே இருந்த நோயின்னு கம்பெனி பிளான்ல ஒதுக்க முடியாது, அதுல பயம் வேண்டாம். தை மாசம்தான கணக்கு? அங்க பிளான் வருசம் பெரும்பாலும் ஜனவரியில புதுசாப் பொறக்கும். ஆவணியில இருந்து மார்கழி வரைக்கும் ஸ்கேனுக்கும் சோதனைக்கும் நீ கட்டித் தீத்த டிடக்டிபிள் பூரா டிசம்பர் 31-ஓட போச்சு, பிரசவத்துக்குப் புது டிடக்டிபிள். வெரசா டிசம்பருக்குள்ளயே பொறந்தா டாலர் மிச்சம்னு உன் பொண்டாட்டிகிட்டப் போய் உளறி வைக்காத, பூரிக்கட்டை பறக்கும். பணத்த மட்டும் எடுத்து வையி. ஜனவரியில டாக்டருங்களும் புஸ்தகம் மாறுவாங்க, திரும்பவும் ஒருக்கா விசாரி. நடுவுல டாக்டரம்மா ஒப்பந்தம் முறிஞ்சு வெளிய போனாலும், கர்ப்பிணிக்கு தொண்ணூறு நாள் வரைக்கும் பழைய விலையிலயே பாத்துக்கிடச் சட்டம் இடம் குடுக்கு. கம்பெனிகிட்டக் கேட்டு வாங்கணும்.

பிள்ள பொறந்தா மொதல் வேலை என்ன? உங்கம்மைக்கு வீடியோ காலா? சரி, அது ரெண்டு நிமிசம். அப்புறம் ஜாதகம், அப்புறம் பேரு வைக்கதுக்கு மாமனார் வீட்டோட சண்டை. இதெல்லாம் முடிக்கதுக்குள்ள முப்பது நாள் ஓடிரும். அந்த முப்பது நாளைக்குள்ள பிள்ளையப் பிளான்ல சேருன்னு ஹெச்.ஆர்.க்கு எழுதணும். எழுதினா பொறந்த தேதியில இருந்தே சேத்துக்கிடுவான். விட்டா அடுத்த சேர்க்கை வரைக்கும் பச்சமண்ணு புஸ்தகத்துலயே இல்ல.

உங்கம்மை பிரசவம் பாக்க வாரேன்னு துள்ளுதா. அவளுக்கு உன் பிளான்ல எடம் கெடையாது, விசிட்டர் இன்சூரன்சுன்னு தனியா வாங்கணும். அதுக்கும் ஒரு புஸ்தகம் உண்டு, உள்ள போனா ஒரு விலை, வெளிய போனா ஒரு விலை. சக்கரை, பிரசர் மாதிரி முந்தியே இருக்கதுக்கு அதுல பெரும்பாலும் ஒண்ணும் தரமாட்டான். மாத்திரைய இருக்கப்போற மாசத்துக்கெல்லாம் சேத்து வாங்கி, டாக்டர் சீட்டோட கையில குடுத்து விடு. பல்லு வலிக்குன்னு அங்க போய் உக்காந்தா அந்த இன்சூரன்சு ஒரு சில்லறையத் தந்துட்டு ஒதுங்கிக்கிடும். உங்கம்மைக்கு வலது பக்கம் கடவாப்பல்லு ஒண்ணு ஆடுது, போன பொங்கலுக்குக் கரும்பு கடிக்கப்ப பாத்தேன். விமானம் ஏறதுக்கு முன்னால பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் அதப் புடுங்கிட்டு வந்துரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத.